மலையூரில் குடியேறுகிறீர்களா? ஊர்ச் சண்டையில் தலை கொடுக்காமல் இருக்கும் வழி

கொடைக்கானல் மேல்மலைக்கு நான் குடிவந்தது 2018-ல். குறிஞ்சி பூத்த வருஷம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அந்த வருஷம் நினைவிருக்கிறது. மன்னவனூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் எங்கள் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற படிக்கட்டு வயல்கள், அறுபது எழுபது வீடுகள், ஒரு டீக்கடை, நாளைக்குச் சில தடவை வந்து போகிற பஸ்.

இப்போது மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று பல ஊர்க்காரர்கள் இங்கே வீடு தேடி வருகிறார்கள். சிலர் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ மாற்றலாகி வருகிறார்கள், சிலர் ஓய்வுபெற்று வருகிறார்கள், சிலர் குத்தகைக்கு நிலம் பார்க்கிறார்கள். குளிர் தாங்குமா, நெட் கிடைக்குமா, காட்டுமாடு வருமா என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ஊருக்குள் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று ஒருவரும் கேட்டதில்லை. மலையில் குடித்தனம் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்தது

மலையில் பல வீடுகளுக்குத் தண்ணீர் ஓஸில்தான் வருகிறது. மேலே காட்டோரத்தில் ஒரு சுனை இருக்கும். அங்கே கல்லும் மண்ணும் வைத்துச் சின்னதாக ஒரு குழி கட்டி, ஓஸின் வாயில் வலைத்துணி சுற்றிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கறுப்பு ஓஸ் புதர் வழியாக, அடுத்தவர் வரப்பு வழியாக இறங்கி வீடு வந்து சேரும். மோட்டார் தேவையில்லை. இணைப்பு விட்டுப்போகாமல் பழைய டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரே சுனையில் ஐந்தாறு வீட்டு ஓஸ் கிடக்கும். மாசி, பங்குனியில் சுனை வற்ற ஆரம்பித்ததும் யார் ஓஸ் ஆழத்தில் கிடக்கிறது, யாருடையது மேலாகக் கிடக்கிறது என்பதே ஊர்ப் பேச்சாகிவிடும்.

2019 பங்குனியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு நடக்கப் போனேன். சுனைப் பக்கம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு டீக்கடையில் ஒரே பேச்சு. அவருடைய பெரியப்பா மகன் வீட்டு ஓஸை யாரோ அறுத்துவிட்டார்களாம். ஒருவர் என்னைப் பார்த்து, "சார், நீங்க காலையில அந்தப் பக்கம்தானே போனீங்க? யாரையும் பாத்தீங்களா?" என்றார். பார்த்ததைச் சொன்னேன். பேரையும் சொன்னேன், அரிவாளையும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மத்தியானத்துக்குள் அது "அறுத்ததை சாரே கண்ணால பாத்தாராம்" என்று ஆகிவிட்டது. சாயங்காலம் கைகலப்பு. அரிவாளோடு நின்றவருக்கு மண்டையில் நான்கு தையல். மறுநாள் கொடுத்த மனுவில் சாட்சியாக என் பெயர். இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன்.

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைச் சுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிடந்த ஓஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "அரிவாள் பட்டா வாய் நேரா இருக்கும் தம்பி. இதைப் பாருங்க, நசுங்கி நீளவாட்டத்துல பிளந்திருக்கு." பக்கத்துச் சேற்றில் காட்டுமாட்டின் குளம்பு ஆழமாகப் பதிந்து காய்ந்திருந்தது. தண்ணீர் குடிக்க வந்த மாடு மிதித்த ஓஸ் அது. அரிவாளோடு நின்றவர் புல் அறுக்கப் போனவர்.

வைகாசியில் சமாதானமாகி மனுவை முடித்துக்கொண்டார்கள். ஆவணியில் ஓஸ்காரர் வீட்டில் காதுகுத்து. தையல் போட்டுக்கொண்டவர்தான் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பங்காளி வீட்டு விசேஷத்தில் அவர் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? எனக்கு எந்த வீட்டிலிருந்தும் பத்திரிகை வரவில்லை. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். நீர் சேர்ந்துகொண்டது, அடிக்கக் கோல் எடுத்துக் கொடுத்த நான் கரையில் நின்றேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது. மலையூரில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ஒரே சுனைத் தண்ணீர், ஒரே சுடுகாட்டுப் பாதை, கொள்வினை கொடுப்பினை எல்லாம் அவர்களுக்குள்தான். ஒருநாள் சேர்ந்தே ஆக வேண்டும். நடுவில் புகுந்த வெளியூர்க்காரருக்கு அப்படிச் சேர்ந்துகொள்ள ஒரு வீடும் கிடையாது.

படி 1: முன்பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்

நிலம் வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள், வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். வாடகைக்கும் ஒத்திக்கும் வருகிறவர்கள் அதுகூடப் பார்ப்பதில்லை. காகிதத்தில் வராத வில்லங்கங்கள் மலையில் உண்டு. தண்ணீர், வழி, பாகம் இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். தண்ணீர் எந்தச் சுனையிலிருந்து வருகிறது, ஓஸ் யார் யார் நிலத்தைத் தாண்டி வருகிறது? ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற பாதை யாருடையது? கரண்ட் மீட்டர் யார் பேரில் இருக்கிறது? வாடகை யார் கையில் போக வேண்டும்?

அப்புறம் இதே கேள்விகளைப் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். பதில் ஒத்துப்போனால் சரி. "வாடகையை எங்க அண்ணன்கிட்ட கொடுத்துடாதீங்க, இதுல எனக்கும் பாகம் இருக்கு" என்று யாராவது சொன்னால், ஜன்னலைத் திறந்ததும் மேகம் உள்ளே வருகிற வீடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாகம் பிரியாத வீட்டில் நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு மாத வாடகையும் அண்ணன் தம்பி வழக்கில் ஏதோ ஒரு தரப்புக்கு ஆதாரமாகிவிடும்.

படி 2: உறவுமுறை தெரியும்வரை அபிப்பிராயம் வேண்டாம்

முதல் ஆறு மாதம் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். யார் யாருக்கு மச்சான், யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள், எந்த இரண்டு வீடு ஐந்து வருஷமாகப் பேசுவதில்லை என்பதெல்லாம் கேட்காமலே தெரியவரும். எங்கள் ஊரில் காய்கறி ஏற்றுகிற வண்டிக்காரரைப் பற்றி நான் குறை சொன்னது அவருடைய மாமியாரிடம். அவர் மாமியார் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லோரையும் முறை வைத்தே கூப்பிடுங்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா, பெரியப்பா, ஆத்தா என்று கூப்பிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரரை மட்டும் மாமா என்று கொண்டாடி, எதிர்வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், நீங்கள் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிடும். பூண்டு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்ப ஏதாவது கொடுங்கள். ஒரே வீட்டில் தினமும் உட்காராதீர்கள்.

படி 3: டீக்கடையில் பேசும் விதம்

புதிதாக வந்தவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். காலையில் குளிருக்கு அடுப்போரம் நின்று டீ குடிக்கும்போது ஒருவர் தன் மனக்குறையைச் சொல்ல ஆரம்பிப்பார். அவர் சொல்வது முக்கால்வாசி உண்மையாகத்தான் இருக்கும். கேட்கிற நமக்கும் மனசு இளகும். அந்த இடத்தில் "ஆமாண்ணே, அவர் செஞ்சது தப்புதான்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்க முடியாது. தலையாட்டினாலும் அதே கணக்குதான். "சாரும் ஒத்துக்கிட்டாரு" என்று சாயங்காலம் எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.

அதற்காக எழுந்து போகவும் கூடாது. துக்கத்தைச் சொல்கிற மனிதரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவமானப்படுத்துவது மாதிரி. கேளுங்கள். அவருடைய கஷ்டத்துக்குப் பதில் சொல்லுங்கள், எதிராளியைப் பற்றிப் பேசாதீர்கள். நான் பழகிக்கொண்ட சில வார்த்தைகள் இவை:

"ரெண்டு மாசமா தண்ணி இல்லாம இருக்கிறது கஷ்டம்தான்ணே."

"எனக்கு ஊர் இன்னும் முழுசாப் பிடிபடலை. நான் ஏதாவது சொன்னா தப்பாயிடும்."

"இதை அவர்கிட்டயே ஒருதடவை பேசிப் பாருங்களேன்."

"பெரியவங்க என்ன சொல்றாங்க?"

கடைசியில் சொன்னது ரொம்ப உபயோகமானது. பேச்சு உங்களிடமிருந்து விலகி, அதைத் தீர்க்கக்கூடியவர்களிடம் போய்விடும்.

"யாரைப் பார்த்தீங்க?" என்ற கேள்வி வந்தால் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். "பார்க்கவில்லை" என்று பொய் சொல்வதும் ஒரு பக்கம் சாய்வதுதான், பின்னால் தெரியவந்தால் இன்னும் மோசம். "யார் கேட்கணுமோ அவங்க கேட்டா சொல்றேண்ணே, டீக்கடையில வேண்டாம்" என்று சிரித்த முகமாகச் சொல்லலாம். போலீஸ் முறைப்படி கூப்பிட்டுக் கேட்டால், போய்ப் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நான் அரிவாளைப் பார்த்தேன், அறுப்பதைப் பார்க்கவில்லை. இந்த இரண்டாவது பாதியைக் கடையிலேயே சொல்லியிருந்தால் அந்த நான்கு தையல் விழுந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு வீட்டுச் சொல்லை இன்னொரு வீட்டுக்குச் சுமக்காதீர்கள், சமாதானம் பண்ணுகிற எண்ணத்தில்கூட. "அவர் மனசுல ஒண்ணும் இல்லையாம்" என்று நீங்கள் போய்ச் சொன்னால், "அப்ப என்னைப் பத்தி உங்ககிட்ட பேசியிருக்காரு" என்றுதான் அது விளங்கும். ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். சண்டை ஓடும்போது கட்டைவிரல் படம்கூடப் போட வேண்டாம்.

படி 4: இரவல் கொடுக்கக் கூடாதவை

சண்டை நேரத்தில் உங்களிடம் சில பொருள்களை இரவல் கேட்பார்கள். கடன் கேட்கிற முகம் இருக்காது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பார்கள். ஸ்டேஷனுக்குப் போக உங்கள் கார். எதிராளி வரப்பை வெட்டுவதைப் படம் எடுக்க உங்கள் போன். வக்கீலுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம். மனுவில் ஒரு கையெழுத்து, "சார் படிச்சவர், எழுதிக் கொடுங்க" என்று. உடம்புக்கு முடியாதவரை ஏற்றிக்கொண்டு போகக் கார் கேட்டால் நடுராத்திரியிலும் எடுங்கள், எந்த வீடாக இருந்தாலும். வழக்குக்கு மட்டும் வேண்டாம்.

கையெழுத்து விஷயம் ஏன் இவ்வளவு பெரியது என்பதற்குப் பாதைத் தகராறு நல்ல உதாரணம். மலையில் ஒருவர் நிலத்துக்குப் போக வேண்டுமானால் பல இடங்களில் இன்னொருவர் நிலத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வழியை உரிமையோடு, வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருஷம் பயன்படுத்தி வந்தால் அந்த வழியில் போகும் உரிமை வந்துவிடும். நிலத்துக்காரருக்கு இது தெரியும், நடக்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் திடீரென்று ஒருநாள் பாதையில் முள்ளை வெட்டிப் போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் வீம்பாகத் தெரியும். "இவங்க ரொம்ப நாளா இந்த வழியிலதான் போறாங்க" என்று நல்லெண்ணத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒரு குடும்பத்தின் நிலத்தில் இன்னொரு குடும்பத்துக்கு உரிமை உண்டு என்று சாட்சி சொன்னதாகிவிடும். வந்து இரண்டு வருஷமானவருக்கு இருபது வருஷத்துக் கதை எப்படித் தெரியும்?

படி 5: திருவிழாவும் தேர்தலும்

திருவிழா வரியை எல்லோரும் கொடுக்கிற அளவு கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதிகமாகக் கொடுத்தால் மாலை மரியாதை வரும், அதை யாருக்கு முன்னால் வாங்கினீர்கள் என்ற பேச்சும் கூடவே வரும். வடம் பிடிக்கக் கூப்பிட்டால் போய்ப் பிடியுங்கள். முதல் மரியாதை பற்றிய பேச்சு வந்தால் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

2019 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் ஆள்தான் கட்சி. அத்தை மகனும் மாமன் மகனும் எதிரெதிரே நிற்பார்கள். ஓட்டு உங்கள் உரிமை, கட்டாயம் போடுங்கள். யாருக்கு என்பதை மட்டும் ஓட்டுப் பெட்டியோடு விட்டுவிடுங்கள். வீட்டுச் சுவரில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "வாடகை வீடுண்ணே, வீட்டுக்காரரைக் கேளுங்க" என்று சொல்லிவிடலாம்.

கொடைக்கானல் டவுனில் டாக்சிக்காரருக்கும் சுற்றுலா வந்தவருக்கும் வாடகைத் தகராறு என்றால் நிற்காமல் நடந்துவிடுங்கள். சீசனில் இது தினமும் நடக்கும், அவர்களே முடித்துக்கொள்வார்கள்.

ஒதுங்கக் கூடாத இடங்கள்

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒப்பவில்லை. பெண்ணை அடிக்கிற சத்தம் கேட்டால் அதைக் குடும்பச் சண்டை என்று விட முடியாது. 181-க்குக் கூப்பிடுங்கள். குழந்தையைத் துன்புறுத்தினால், படிக்க வேண்டிய பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தால் 1098. ரத்தம் வரும் அளவுக்கு அடிதடி என்றால் 112, காயம்பட்டவருக்கு 108. சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால், பாதையை மறித்தால், டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால், அதில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது, புகாருக்கு 14566 என்ற எண் இருக்கிறது. இந்த இடங்களில் ஊர்ப் பகை வந்தாலும் வரட்டும்.

பிரித்துப் பார்க்க எனக்கு உதவுகிற கேள்வி ஒன்றுதான். இரண்டு பேரும் திருப்பி அடிக்கக்கூடியவர்களா, ஒருவர் அடி வாங்க மட்டுமே முடிந்தவரா? முதலாவது என்றால் ஒதுங்குங்கள். இரண்டாவது என்றால் போங்கள்.

வழி கேட்டால் வழி சொல்லுங்கள்

பக்கம் சாயாமல் உதவ முடியும். இரண்டு தரப்பும் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். எல்லைத் தகராறு என்றால் நில அளவைக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டால்தான் தீரும், பேசித் தீராது. பொதுச் சுனை, பொதுப் பாதை, தெருவிளக்கு என்றால் கிராம சபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் விவரம் சொல்வார்கள். திங்கள்கிழமைகளில் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் மாட்டியிருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளைத்தான் காட்டுகிறேன்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டால்

நான் செய்ததைச் சொல்கிறேன். தையல் போட்டுக்கொண்டவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். திண்ணையில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். "நான் பார்த்தது கொஞ்சம், அதைச் சொன்ன இடமும் தப்பு. உங்களுக்கு அடி விழுந்தது என் பேச்சால. மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன். யார் என் பேச்சைத் திரித்தது என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு சண்டைக்கு விதை போட்டிருப்பேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாள் உதிர்ந்த பூண்டை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுநாள் ஓஸ்காரர் வீட்டுக்கும் போய் இதையே சொன்னேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். திரும்பத் திரும்பப் போய் விளக்கவில்லை. கூப்பிடாத விசேஷத்துக்குப் போகவில்லை. கேதத்துக்கு மட்டும் கூப்பிடாமலே போனேன், அதற்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், போக வேண்டும். தையல் போட்டுக்கொண்டவருடைய அம்மா தவறியபோது சுடுகாடு வரை நடந்தேன்.

ஒவ்வொரு மாசியிலும் சுனையைத் தூர் வார வீட்டுக்கு ஒருவர் போவார்கள். இரண்டு வருஷம் எனக்குச் சொல்லிவிடவில்லை. நானாகப் போய் நின்றாலும் வேலை முடிந்திருக்கும். மூன்றாம் வருஷம் விடியற்காலையில் கதவைத் தட்டினார்கள். வெளியே இரண்டு பங்காளிகளும் நின்றிருந்தார்கள், தலையில் மப்ளர், தோளில் கடப்பாரை.

"சார், இன்னைக்குச் சுனைக்குப் போறோம். மண்வெட்டி இருக்கா?"

இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறினேன்.